பண்டா என்றால் விதை

நவம்பர் 8

சிலுங்கோ வந்து சேர்ந்தாயிற்று. டொடோமாவிலிருந்து ஜீப்பில் அரை நாள், வழி முழுக்கச் செம்மண் புழுதி. காதுக்குள் விரலை விட்டால் ஒரு தொட்டிச் செடி வைக்கிற அளவுக்கு மண் வருகிறது. ஓட்டி வந்தவன் யோனா. இரண்டு வருடமாக இவன்தான் எனக்கு டிரைவர், இவன்தான் மொழிபெயர்ப்பாளர். எதையும் இரண்டு தடவை கேட்காமல் செய்யமாட்டான். "இடது பக்கம் திரும்பட்டுமா?" என்பான். நான் தலையை ஆட்டுவேன். வண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பான். "திரும்பட்டுமா, வேணாமா?" வாயைத் திறந்து சொன்னால்தான் ஸ்டியரிங் நகரும். இவனோடு மல்லுக்கட்டியே என் ஆயுசு போய்விடும்.

கிராமத் தலைவர் முவாலுகோ ஊரைக் கூட்டி என்னை அறிமுகப்படுத்தினார். "டிவில 'மழையும் விதையும்' பாக்குறோமே, அதுல வர்ற இந்தியர் இவருதான். மழை எப்ப வரும், எப்ப வெதைக்கணும்னு சொல்றவரு. இந்தப் பருவம் முழுக்க நம்ம ஊர்லதான் படம் எடுக்கப்போறாக. பேரு பாண்டியன்."

பாண்டியன் அவர் வாயில் பண்டா ஆனது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஸ்வாஹிலியில் பண்டா என்றால் 'விதை' என்று ஏவுவது. டிவியில் வாரா வாரம் நான் சொல்வதும் அதைத்தான். இனி இங்கே இருக்கும்வரை நான் புவானா பண்டா, விதை ஐயா. அருப்புக்கோட்டையில் சௌந்தரபாண்டியன் என்று முழுப் பெயரையும் சொல்லாதவனிடம் நான் பேசவே மாட்டேன்.

தங்குவதற்கு மாமா நியேமோ வீட்டில் ஓர் அறை. இந்த ஊரில் மாமா என்றால் அம்மா. நியேமோ அவள் மகள் பெயர். நியேமோவின் அம்மா என்பதுதான் அவள் பெயர். என்னைக் காக்கா என்கிறாள். அண்ணன் என்று அர்த்தமாம். பெண்ணை மாமா என்றும் ஆணைக் காக்கா என்றும் கூப்பிடுகிற ஊருக்கு என்னை அனுப்பிய எங்கள் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஹேமலதா மேடம் நன்றாக இருக்கட்டும்.

நவம்பர் 10

காலையில் உகாலி. மதியம் உகாலி. இரவு உகாலி. சோள மாவுக் களி, உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மாமா நியேமோ கைம்பெண். கணவன் ஊர் இது, அவள் ஊர் எங்கோ மலைக்கு அந்தப் பக்கம். இரண்டு வருடமாக மழை பொய்த்து எல்லா வீடுகளையும் போல அவள் வீட்டிலும் ஒன்றுமில்லை. அடுப்படிப் பரணில் ஒரு தகர டின் நிறையச் சோள விதை இருக்கிறது. பசித்தபோதும் அதைத் தொடவில்லை என்று யோனாவிடம் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவையும் பொய்த்தால் மகளோடு பிறந்த ஊருக்குப் போய்த் தம்பி பெண்டாட்டி கையால் சாப்பிட வேண்டியதுதான் என்றாளாம். என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? நான் என்ன மழையா?

நவம்பர் 14

சனிக்கிழமை. கடை வாசலில் சோலார் டிவியை வைத்து ஊரே உட்கார்ந்து நம் நிகழ்ச்சியைப் பார்த்தது. தொகுப்பாளினி நீமா, கண்ணில் ஒட்டுமயிரும் காலில் புத்தம்புது பூட்ஸுமாக வயலில் நின்று, "தபியாஞ்சி மாறிவிட்டது, நாமும் மாறவேண்டும்" என்றாள். பருவநிலைக்கு ஸ்வாஹிலியில் தபியாஞ்சி என்று சொல் வைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் நாட்டின் நடத்தை.

வந்தது வினை. லேயா என்று ஒருத்தி, மாமா நியேமோவின் பக்கத்து வயல்காரி, எழுந்து டிவியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு நடத்தை மாறிப்போச்சாம்? எங்க நடத்தைல என்ன கொறச்சல்? ஆடு மேய்க்கிறோம், களை எடுக்கிறோம், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறோம். இந்த ஊர்ல கார்ல போறவரு நீங்க ஒருத்தர்தான்."

"அது நடத்தை இல்லம்மா, வானிலை" என்றேன்.

"அப்ப வானத்தைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லுங்க. எங்களை எதுக்கு உக்கார வச்சிருக்கீக?"

எல்லாரும் கைதட்டினார்கள். முவாலுகோ கூடத் தட்டினார். படித்துப் பட்டம் வாங்கி, ஏழு கடல் தாண்டி வந்து, இவளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் கைதட்டாதவள் மாமா நியேமோ ஒருத்திதான். அதுவும் அவள் கையில் முறம் இருந்ததால் இருக்கும்.

நவம்பர் 18

சட்டை துவைத்தேன். ஊருக்கு ஒரே அடிபம்பு. விடிவதற்குள் வாளிகள் வரிசையில் உட்கார்ந்துவிடுகின்றன. மாமா நியேமோ நின்று பிடித்து வந்த தண்ணீரை என் காலருக்குச் செலவழித்தேன். முறைத்தாள்.

நவம்பர் 21

தலைவர் வயலில் படப்பிடிப்பு. நீமா கேட்க நான் சொல்ல. இவர்கள் பழக்கம், முதல் மழைக்குப் பாதி வயலை விதைத்துவிட்டு மீதி விதையைக் கையில் வைத்துக்கொள்வது. அதனால் கதிர் முன்னும் பின்னுமாக முற்றுகிறது. முதலில் முற்றும் வயலில் குருவிக் கூட்டம் வந்து இறங்கி ஒரு மணி விடாமல் தின்றுவிட்டுப் போகிறது. ஊர் முழுக்க ஒரே சமயத்தில் விதைத்தால் குருவி தின்பது எல்லாருக்கும் பங்காகிப் போய்விடும். இந்த வருடம் முதல் மழையே நின்று பெய்யும் என்று வானிலை அலுவலகத்திலிருந்து முன்னறிவிப்பும் வந்திருக்கிறது. எனவே கேமராவைப் பார்த்து, "முதல் மழை விழுந்ததும் எல்லாரும் முழுசாக விதையுங்கள். பண்டா, பண்டா, பண்டா" என்றேன்.

நன்றாகத்தான் சொன்னேன். நீமா தன் பூட்ஸில் மண் ஒட்டியதற்கு என்னிடம் கோபித்துக்கொண்டாள்.

நவம்பர் 28

மழை! பிற்பகலில் ஆரம்பித்து நின்று நிதானமாகப் பெய்தது. கிழடு கட்டைகள் எல்லாம் வெளியே வந்து நனைகின்றன. லேயா என்னைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

தார் எஸ் சலாமிலிருந்து ஹேமலதா மேடம் போனில் பிடித்துக்கொண்டார். மழையில் ஆடும் குழந்தைகள் வேண்டும், விதைக்கும் கைகள் வேண்டும், டிரோன் ஷாட் வேண்டும் என்று வரிசையாக அடுக்கினார். வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது மாமா நியேமோ தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"காக்கா, நாளைக்கு வெதைக்கட்டுமா?"

இதையும் கேட்க வேண்டுமா? டிவியில் மூன்று தடவை சொன்னேனே. மேடம் காதில் கத்திக்கொண்டிருக்கிறார். தாராளமாக விதை என்று தலையை நன்றாக ஆட்டினேன். சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

டிசம்பர் 1

ஊரே வயலில். விதைக்கும் கைகள் கிடைத்தன, ஆடும் குழந்தைகள் கிடைத்தன. முவாலுகோ தன் விதை முழுவதையும் போட்டுவிட்டார். லேயாவும். "ஒரு மணி மிச்சம் வைக்கல புவானா பண்டா" என்று காலி டப்பாவைக் கேமரா முன் கவிழ்த்துக் காட்டினாள். அருமையான ஷாட்.

டிசம்பர் 5

எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஊர் முழுக்க விதைத்திருக்க, ஒரே ஒரு வயல் கொத்திப் போட்டபடி வெறுமனே கிடக்கிறது. யாருடையது என்று யோனாவிடம் கேட்டால், மாமா நியேமோவுடையதாம். நான் படுத்துத் தூங்குகிற வீட்டுக்காரி! நேரில் வந்து கேட்டாள், நேராகத் தலையாட்டி அனுப்பினேன். லேயா மூஞ்சிக்கு நேரே திட்டினாலும் விதைத்தாள். இவள் காக்கா, காக்கா என்று குழைந்துவிட்டுக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கவும் எனக்கு மனசில்லை. இரவு சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிஸ்கட் இருந்தது.

டிசம்பர் 8

நான் பேசவில்லை. அவள் பேசுகிறாள். என்னமோ பெரிய ரகசியம் தெரிந்தவளைப் போலச் சிரிக்கிறாள்.

டிசம்பர் 13

சோளம் விரல் உயரம் வந்திருக்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "இரண்டொரு நாளில் வரும் சார்" என்றார்கள்.

டிசம்பர் 17

வரவில்லை. யோனா ஜீப்பைக் கழுவாமல் விட்டிருக்கிறான். திட்ட வாயெடுத்தேன். தண்ணீரைப் பற்றிப் பேசுகிற நேரமா இது என்று அவன் கண்ணே கேட்டது.

டிசம்பர் 20

எல்லாம் போய்விட்டது. முவாலுகோவின் வயலில் நின்று ஒரு நாற்றைப் பிடுங்கினேன். கையிலேயே பொடிந்தது. நேற்று சனிக்கிழமை. டிவியில் டிசம்பர் முதல் வாரம் எடுத்ததைப் போட்டார்கள். லேயா காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிச் சிரிக்கிறாள். பக்கத்தில் நின்று நான் பண்டா, பண்டா என்கிறேன். திரையில் சாணி வந்து விழுந்தது. யார் எறிந்தது என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. கடைக்காரன் துடைத்துவிட்டு டிவியை உள்ளே எடுத்துப் போய்விட்டான்.

முன்னறிவிப்பு நான் தயாரித்ததல்ல. நான் தயாரித்ததல்ல என்று போகிற வருகிறவனிடமெல்லாம் சொல்ல முடியுமா?

டிசம்பர் 24

மாமா நியேமோ கோழி அடித்தாள். இந்தப் பஞ்சத்தில் எதற்கு என்று கேட்டேன். இத்தனை நாள் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"உனக்குத்தான் காக்கா. என் டின்னு அப்படியே இருக்கு, ஊர்ல எவ வீட்டுலயும் வெதை இல்ல. அன்னைக்கு வெதைக்கட்டுமான்னு கேட்டேன்ல? நீ போன்ல பேசிக்கிட்டே இப்படிச் செஞ்ச."

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினாள். என் கழுத்து அப்படியே அவள் தோள் மேல் இருந்தது.

"வேணாம்னு. வாயால சொன்னா போன்ல இருக்குற டிவிக்காரவுகளுக்குக் கேட்டுரும்னுதானே தலையால சொன்ன? எனக்கு வெளங்கிருச்சு. யார்ட்டயும் மூச்சு விடல."

கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொல்கிறாள். இங்கே தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டாம், முடியாது, இல்லை. அவ்வளவுதான், வேறு அர்த்தம் கிடையாது. இரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். கோழிக்காலை எடுத்து என் தட்டில் வைத்தாள். நியேமோ சர்ச்சில் பாடப்போகும் பாட்டைப் பாடிக் காட்டினாள். பண்டிகை நாள் வேறு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

டிசம்பர் 25

சொல்லவில்லை.

டிசம்பர் 26

அருப்புக்கோட்டையிலிருந்து போன் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மாமா நியேமோ இஞ்சி தட்டிப்போட்டு டீ கொண்டுவந்தாள். காக்காவுக்குச் சளி பிடித்திருக்கிறதாம். சொல்லவில்லை.

டிசம்பர் 28

மூச்சு விடமாட்டேன் என்றவள் விட்டுவிட்டாள். பம்பில் லேயா, "அந்த இந்தியன் ஊரைக் கெடுத்துட்டான்" என்று சொல்லியிருக்கிறாள். மாமா நியேமோவுக்கு என்னை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "அவரு கெட்டவரு இல்ல, எனக்கு வேணாம்னு சொன்னாரே" என்று சண்டைக்குப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். லேயா இவளுடைய வாளியைத் தூக்கி வரிசைக்கு வெளியே வைத்தாளாம். யோனா சொன்னான்.

"ஊருக்கெல்லாம் டிவில ஒண்ணு, சோறு போடுற வீட்டுக்கு மட்டும் காதுக்குள்ள ஒண்ணு. அப்படின்னு பேசிக்கிறாங்க சார். உங்களைக்கூட விட்டுருவாங்க, நீங்க வெளியூரு. இவளுக்குத் தெரிஞ்சும் சொல்லாம, நாங்க வெதைக்கிறதைப் பாத்துக்கிட்டு நின்னாளேன்னுதான் கோவம்."

"யோனா, நீ ஏன் எதையும் ரெண்டு தடவை கேட்கிறே?" என்றேன்.

"நீங்க எல்லாத்துக்கும் வேணாம்னு தலையாட்டிட்டு அப்புறம் ஏன் செய்யலைன்னு கேப்பீங்க சார். அதான் கேட்டுக்கிறது." முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. இரண்டு வருடமாக இவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

டிசம்பர் 30

ஹேமலதா மேடத்துக்குச் சேதி போய்விட்டது. கேமராக்காரன் சொல்லியிருப்பான்.

"சார், செம ஸ்டோரி சார்! ஊரே போச்சு, ஒரு லேடி மட்டும் நம்ம எக்ஸ்பர்ட் பேச்சைக் கேட்டுத் தப்பிச்சிருக்காங்க. நீங்க முன்னாடியே வார்ன் பண்ணியிருக்கீங்க, எங்ககிட்டகூட சொல்லல பாருங்க. திங்கக்கிழமை நீமாவை அனுப்பறேன். அந்த டின்னை வச்சு அந்த லேடியைப் பேச விடுங்க. சேனலே உங்களைத் தூக்கி வச்சுக்கும். அடுத்த சீசன் நீங்கதான் சார்."

"மேடம், அது வந்து..."

"ஃபோர்காஸ்ட் தப்பாப் போனதை யாரும் பேசமாட்டாங்க, புரியுதா?"

சரி என்றேன். வாயால்தான்.

ஜனவரி 1

மாமா நியேமோவை நாலு நாளாகப் பம்பில் விடவில்லை. மகளோடு வறண்ட ஆற்றுக்குப் போய் மணலைத் தோண்டி ஊறுகிற தண்ணீரை மொண்டு வருகிறாள். தோண்டுவதற்கு ஒரு தட்டு. விரலெல்லாம் நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருக்கிறது. எனக்குக் குளிக்க ஒரு வாளி தனியாக வைத்திருந்தாள். குளிக்கவில்லை.

முவாலுகோ வந்தார். வாசலிலேயே நின்றார், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு கூட்டம். தெரிஞ்சும் சொல்லாதவளுக்கு இந்த ஊர்ல எடமில்லைங்கிறாக. வயலை ஊர் எடுத்துக்கிட்டு, அவளைப் பொறந்த எடத்துக்கு அனுப்பிரலாம்னு பேச்சு. நீங்க டிவிக்காரரு. உங்களை நாங்க ஒண்ணும் சொல்லல."

அவர் போனபிறகு அவள் வெளியே வந்தாள். "நீ வெசனப்படாத காக்கா. நீ எனக்கு நல்லதுதானே சொன்ன. அதை இல்லைன்னு நான் எவகிட்டயும் சொல்லமாட்டேன்."

சனியன் பிடித்தவள். அப்படி யாரும் சொல்லவே இல்லை, நானாகத்தான் விதைக்கவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லமாட்டாள்.

ஜனவரி 2

திங்கட்கிழமை நீமா வருகிறாள். அடுத்த சீசன் நான். நாள் முழுக்க அறையை விட்டு வெளியே போகவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

ஜனவரி 3

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சோளக் கிட்டங்கியில் கூட்டம். தகரக் கூரை, உள்ளே அடுப்பு போல வெக்கை. வைக்கச் சோளம் இல்லாததால் ஊரே உள்ளே உட்கார இடம் இருந்தது. மாமா நியேமோ ஒரு ஓரமாக மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லேயா பேசினாள், லேயாவின் கொழுந்தன் பேசினான், எல்லாரும் ஒன்றையே பேசினார்கள். உனக்குத் தெரியும், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் எழுந்தேன். என் ஸ்வாஹிலியை நம்பாமல் யோனாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. மழை நின்னு பெய்யும்னு உங்ககிட்டச் சொன்னதைத்தான் நானும் நம்பினேன். இவ கேட்டப்ப, வெதைன்னுதான் சொன்னேன்."

"பொய்" என்றாள் லேயா. "வேணாம்னு தலையாட்டினீகன்னு அவளே சொல்றாளே."

"எங்க ஊர்ல தலையைப் பக்கவாட்டுல ஆட்டினா ஆமான்னு அர்த்தம்."

யோனா மொழிபெயர்த்தான். ஒருத்தரும் நம்பவில்லை. தலையை அப்படி ஆட்டி ஆமாம் என்று சொல்கிற மனிதர்கள் உலகத்தில் இருப்பார்களா என்று ஒரு கிழவர் கேட்டார். அவளைக் காப்பாற்றக் கட்டிவிடுகிற கதை என்றான் கொழுந்தன். யோனா கையை உயர்த்தினான்.

"நெசந்தான். ரெண்டு வருசமா இவருக்கு வண்டி ஓட்டுறேன். சாப்பிட நிறுத்தவான்னு கேட்டா வேணாம்னு ஆட்டுவாரு. நிறுத்தலைன்னா திட்டுவாரு."

எங்கோ ஒரு சிரிப்பு கேட்டது. முவாலுகோ என்னிடம் வந்து முகத்துக்கு நேரே நின்றார். "உங்க பேரு பண்டாவா?"

ஆட்டினேன். நான் வேண்டுமென்று ஆட்டவில்லை, கழுத்து தானாக ஆட்டியது.

"வெயில் அடிக்குதா?" ஆட்டினேன். "உங்களுக்கு உகாலி புடிக்குமா?"

"இல்லை" என்று வாயால் சொன்னேன். கிட்டங்கி இடிகிற மாதிரி சிரித்தார்கள். குழந்தைகள் தலையை ஆட்டி ஆட்டி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு விழுந்தன. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் உள்ளே ஒரு நிம்மதி, முடிந்தது என்று.

மாமா நியேமோ மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். காக்கா என்று கூப்பிடவில்லை.

"புவானா. அப்ப என்னையும் வெதைக்கத்தான் சொன்னியா?"

"ஆமா."

"டின்னு மொத்தத்தையும்?"

"ஆமா."

"கோழி தின்னியே. அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

தலையை ஆட்டப் பயமாக இருந்தது. யோனா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சும் சொல்லாதவ நானுன்னு என் வாளியைத் தூக்கி எறிஞ்சாக. மணலைத் தோண்டி உனக்குக் குளிக்கத் தண்ணி வச்சேன். நீ உள்ள உக்காந்து பாத்துக்கிட்டிருந்திருக்க." குரலை உயர்த்தவே இல்லை. "ராத்திரிக்குள்ள என் வீட்டைக் காலி பண்ணு."

பிறகு திரும்பி ஊரைப் பார்த்தாள். "என்கிட்ட ஒரு டின்னு வெதை இருக்கு. அடுத்த மழைக்கு எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரும். சும்மா தரமாட்டேன். என் வாளியை எவ எவ தொட்டாளோ அவ அவ முதல்ல என் வயல்ல எறங்கி வெதைச்சுக் குடுக்கணும். லேயா, நீ களையும் எடுக்கணும்."

லேயா வாயைப் பிளந்து நின்றாள். "களையுமா?" என்றாள். ஊர் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

ஜனவரி 4

நீமா வந்தாள், ஊருக்குள் விடாமல் திருப்பி அனுப்பினார்கள். ஹேமலதா மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். "தலையாட்டினீங்களா? இதை நான் சேனல்ல எப்படி சார் சொல்றது?" என்றார். அப்புறம், புதன்கிழமை தலைமையகத்தில் ஜீப்பை ஒப்படைத்துவிடும்படி சொன்னார். எனக்கு என்ன என்று சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது.

கிட்டங்கியில் சாக்கைப் போட்டுப் படுத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிஸ்கட்டும் தீர்ந்துவிட்டது. முவாலுகோ உகாலி கொடுத்தனுப்பினார். தின்றேன். இஞ்சி டீ ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வலிக்கிறது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. இந்த ஊரில் என்னை மனிதனாக மதித்தவள் அவள் ஒருத்திதான்.

ஜனவரி 6

புறப்படுகிற காலையில் மழை பிடித்துக்கொண்டது. முதல் மழையைவிடப் பலமாக, கறுத்து இறங்கிப் பெய்தது. ஜீப் சேற்றில் மாட்டி, மாமா நியேமோவின் வயலை ஒட்டிய பாதையிலேயே நின்றுவிட்டது. யோனா இறங்கிக் கல் தேடப் போனான்.

மழை குறைந்ததும் பெண்கள் வந்தார்கள். டின்னைச் சுமந்து அவள் முன்னால் வர, பின்னால் லேயாவும் மற்றவர்களும். வயலின் ஓரத்தில் வட்டமாக நின்று பேசினார்கள். இன்றைக்கே விதைப்பதா, இன்னொரு மழை பார்த்து விதைப்பதா, பாதியா, முழுசா என்றுதான் பேச்சு. லேயா வானத்தைக் காட்டினாள். ஒருத்தி மண்ணை அள்ளிப் பிசைந்து மற்றவளிடம் கொடுத்தாள். குரல்கள் உயர்ந்தன, சண்டை வரும் போல இருந்தது, வரவில்லை.

நான் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டிக் கூப்பிடுகிற தூரம்தான். டிவியில் வருகிறவன், வேளாண்மை படித்தவன், மழை எப்போது வரும் என்று சொல்வதற்காகவே அழைத்து வரப்பட்டவன் இதோ இருக்கிறேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா நியேமோ ஒரு தடவை ஜீப்பைப் பார்த்தாள். சேற்றில் நிற்கிற வண்டியை யாரும் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இருந்தது. கேட்டால் சொல்வதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். சிஜுயி. எனக்குத் தெரியாது என்பதற்கு ஸ்வாஹிலியில் இதுதான் வார்த்தை, கிளம்பும்போதுதான் யோனாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

யாரும் கேட்கவில்லை. அவர்கள் பாதி வயலில் இறங்கி விதைக்க ஆரம்பித்தார்கள்.